அம்மா ‘தெரியுது’ என்று சொன்ன வரை

இந்த நினைவு மலரின் அட்டையில் அப்பா இரண்டு கைகளையும் விரித்தபடி சிரித்துக்கொண்டு நிற்கிறார். கைகள் வெறுமையாகத்தான் தெரிகின்றன. நம்பிவிடாதீர்கள். அந்தப் படம் எடுத்த பிறந்தநாள் வீட்டில், அடுத்த விநாடியே அத்தையின் கொண்டைக்குள்ளிருந்து ஒரு பழைய இரண்டு ரூபாய்க் காசை எடுத்தார்.

அப்பா பிறந்தது கொட்டாஞ்சேனையில். வேலை பார்த்தது புதுக்கடையில், ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக. உறவினர்களிடம் கேட்டால் இந்த இரண்டையும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். சனி ஞாயிறுகளில் வெல்வெட் கோட் போட்டுக்கொண்டு மஜிக் செய்யப் போனதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு கலியாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"என்ன அத்தான், இன்னும் முயல் பிடிக்கிறீங்களோ?"

அப்பா கோபிக்கவில்லை. மாமாவின் சட்டைப் பையிலிருந்து பட்டுத் துணியை இழுக்கத் தொடங்கினார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அது முடியவேயில்லை. மாமா சாப்பாட்டுப் பந்திக்கு ஓடிவிட்டார். மாமா, இதை நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும். அப்பாவுக்கு உங்களை நிரம்பப் பிடிக்கும்.

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் பின் பல்கனிதான் அப்பாவின் பட்டறை. கொழும்பில் மஜிக் செய்யும் பலருக்கு அங்கிருந்துதான் சாமான் போனது. இரட்டை அடியுள்ள பெட்டிகள், வெட்டினாலும் ஒட்டிக்கொள்ளும் கயிறு, பூ விரியும் குழாய். கடற்காற்றில் கீல்கள் இறுகிப்போகும் என்பதால் தையல் மெஷின் எண்ணெய் எப்போதும் பக்கத்தில் இருக்கும். பட்டுத் துணிகளுக்கு ஓரம் தைத்தது அம்மா. ஆனால் அம்மாவின் பெரிய வேலை அது இல்லை.

புதிதாக எது செய்தாலும் முதலில் அம்மாவுக்குத்தான் காட்டுவார். அம்மா ஹாலில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார்.

"தெரியுதோ?"

"தெரியுது."

"எங்க?"

"சின்ன விரலுக்குப் பின்னால."

அம்மா "தெரியேல்லை" என்று சொல்லும்வரை எந்தச் சாமானும் வீட்டைவிட்டுப் போகாது, எந்த வித்தையும் மேடை ஏறாது. அப்பாவிடம் சாமான் வாங்கும் நஸீர் நானா கிராண்ட்பாஸில் இருப்பவர், அவரும் மஜிக்காரர். ஒருமுறை அம்மாவிடம் கெஞ்சினார்.

"அக்கா, நாளைக்கு ஷோ. கொஞ்சம் கண்ண மூடிக்கங்களே."

"நான் மூடுவன் நானா. அங்க வாற பிள்ளையள் மூடுங்களோ?"

சில வருடங்களுக்கு முன் அப்பா மேடையில் சீட்டுகளைத் தவறவிடத் தொடங்கினார். கோப்பை உருண்டது, முட்டை விழுந்து உடைந்தது. ஒவ்வொரு முறையும் அவர் முழித்த முழியில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. புது நகைச்சுவை என்று நாங்களும் நினைத்தோம். மஜிக்காரன் காட்டுகிற பக்கம் பார்க்கக்கூடாது, மற்றக் கையைத்தான் பார்க்கவேண்டும் என்று தெரிந்தே வளர்ந்த வீடு இது. அப்படியிருந்தும் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். கையைப் பார்த்தது அம்மா மட்டும்தான்.

"இஞ்சாருங்கோ, அந்த முட்டை நீங்கள் விழுத்தினதோ, தானா விழுந்ததோ?"

அப்பா தன் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். அடுத்த கிழமை டொக்டரிடம் போனார்கள். விரல்களில் தொடங்கிய நரம்பு நோய், தோளுக்கு ஏறும், பிறகு மூச்சுக்கு வரும் என்றார் டொக்டர்.

அப்பா வெல்வெட் கோட்டை அலமாரியில் வைக்க விடவில்லை. "உங்கட அம்மா தெரியேல்லை எண்டு சொல்லட்டும், அண்டைக்கு ஷோவுக்குப் போவன்" என்றார். பின்னேரம் ஆனதும் கதிரை வரும். அந்த இரண்டு ரூபாய்க் காசு அவர் கைக்குள் மறைய வேண்டும், அவ்வளவுதான். அம்மா ஒவ்வொரு நாளும் "தெரியுது" என்றார். ஹெவ்லொக் டவுனில் ஒரு பிறந்தநாளுக்கு வருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நாளும் போய்விட்டது. மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒருக்காத் தெரியேல்லை எண்டு சொன்னா உனக்கு என்னக்கா குறைஞ்சிடும்? அத்தான் பாவம்."

"பாவம் எண்டு நான் பாத்தா, அவர் நாளைக்குப் பழக மாட்டார்" என்றார் அம்மா.

உண்மைதான். "தெரியுது" என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா அடுத்த நாளுக்கு எழும்பினார்.

கடைசி நாட்களில் அவரைக் கட்டிலில் சாய்த்து வைத்திருந்தோம். கதிரை கட்டிலடிக்கு வந்தது. ஒரு பின்னேரம் காசை நான்தான் அவர் கையில் வைத்தேன். விரல்கள் அசையவில்லை. விரிந்த உள்ளங்கையின் நடுவில் காசு மினுங்கிக்கொண்டு கிடந்தது.

"தெரியுதோ?"

அம்மா காசைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"தெரியேல்லை."

அப்பா கண்ணெடுக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு... பொய் சொல்லப் பழகிட்டீர்."

"ஓம்."

"அப்ப சரி. எடுத்துப் பெட்டியில வையும்."

அடுத்த நாள் மத்தியானம் அப்பா போய்விட்டார்.

மஜிக்காரர் ஒருவர் இறந்தால் அவருடைய மந்திரக்கோலை முறித்துப் பெட்டிக்குள் வைப்பது அவர்களின் வழக்கம். நஸீர் நானா கோலை எடுத்துக்கொண்டு நின்றார். இரண்டு தரம் வளைத்துப் பார்த்தார், முறிக்க முடியவில்லை. "தாங்கோ, ஒரு பக்கத்தை நான் பிடிக்கிறன்" என்று முன்னால் வந்தவர் மாமா.

ஒக்சிஜன் சிலிண்டரை மூன்று மாடி தூக்கி வந்த திரீவீல் அண்ணாவுக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து ஃபிளாட் அன்ரிக்கும், கிரியைகளில் துணை நின்ற அனைவருக்கும் எங்கள் நன்றி. இன்னும் சிலருக்கும் சொல்லவேண்டும். அப்பாவின் விரலிடுக்கில் காசு தெரிந்தபோது தெரியாததுபோல் இருந்து கைதட்டியவர்கள் நீங்கள். அது அப்பாவுக்குத் தெரியும். உங்கள் கைதட்டலை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வருவார். வந்ததும் கோட்டைக் கழற்றாமலே அம்மாவுக்கு முன்னால் போய் நிற்பார், உண்மையைக் கேட்க.