லயத்துக்குப் போகும் வயர்

விஜயகலாவுக்கு வாய் நீளம் என்பது தோட்டத்துக்கே தெரியும். பால்வெட்டும் அழகம்மாவின் மகள். எஹலியகொடையில் நெட்வேர்க் வேலை படித்துவிட்டு, யட்டியாந்தோட்டை பஜாரில் இப்திகாரின் கம்பியூட்டர் கடையில் டெக்னீசியனாக இருக்கிறாள். பிறந்த றப்பர் தோட்டத்து ஆபீசுக்கு இன்டர்நெட் வயர் இழுத்ததும் அவள்தான். அதோடு விட்டாளா? தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் படிக்கும் கம்பியூட்டர் அறைக்கும் ஒரு வயர் வேண்டும் என்று பழைய துரையிடம் ஒற்றைக் காலில் நின்று வாங்கினாள்.

புதுத் துரைக்கு அந்த வயர் கண்ணில் விழுந்த தூசி. கழட்ட ஒரு சாட்டு தேடிக்கொண்டிருந்தார். கொழும்பிலிருந்து கம்பனி ஆட்கள் பார்வையிட வரும் நாளில் அது கிடைத்தது. காலை பத்து மணிக்கு ஆபீஸ் கம்பியூட்டர்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டன.

விஜயகலா ஆட்டோவில் போய் இறங்கியதும் துரை வாசலிலேயே பிடித்துக்கொண்டு, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டார். "நங்கி, இங்க எல்லாம் செத்துக் கிடக்கு, லயத்துல மட்டும் வேலை செய்யுது. நம்ம லைன அவங்கதான் உறிஞ்சுறாங்க. அந்த வயரக் கழட்டிப் போடு, இனி வேணாம்."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எது நடந்தாலும் பழி லயத்துக்குத்தானா? ஒரு சொல்லும் அவருக்குத் தப்பக் கூடாது என்று அவருடைய சிங்களத்திலேயே சொன்னாள்.

"எல்லா வயரும் வந்து சேருற ஸ்விட்ச் ஒரே பெட்டிதான் சேர். ஆனா உள்ளுக்க நான் ரெண்டா பிரிச்சிருக்கேன். ஆபீசுக்கு ஒரு வீலேன், லயத்துக்கு ஒரு வீலேன். இதுல கத்துனா அதுல கேக்காது. இதுல இருந்து அதுக்குப் போகணும்னா ரவுட்டர் வழியாத்தான் போகணும், அந்த வழியையும் அடைச்சு வச்சிருக்கேன். லயத்துல வேலை செய்யுதுன்னா கோளாறு ஆபீசுக்குள்ள இருக்குன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு மேசை மேசையாகக் குனிந்து பார்த்தாள். பெரிய கிளாக்கர் ஏழுமலையின் மேசைக்கடியில் ஒரு குட்டி ஸ்விட்ச், விலை குறைந்த சாமான். அதன் விளக்குகளெல்லாம் ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன. ஒரே வயரின் இரண்டு முனையும் அதிலேயே குத்தியிருந்தது. எல்லோருக்கும் என்று ஒரு சேதி வந்தால் ஸ்விட்ச் அதை எல்லாத் துளையிலும் அனுப்பும். அனுப்பியது அந்த வயரால் சுற்றி அதற்கே திரும்பி வந்தால், புதுச் சேதி என்று நினைத்து மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். இப்படியே பெருகி வேறு வேலைக்கு இடமில்லாமல் போய்விடும்.

துரை பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு முனையைப் பிடுங்கினாள். சற்று நேரத்தில் ஆபீஸ் உயிர்த்தது.

ஏழுமலையின் முகம் வெளுத்துவிட்டது. பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் தோட்டத்தில் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள், தண்ணீர்க் கான் வெட்டுவார்கள், எதுவும் தொங்கக் கூடாது. விடிந்ததிலிருந்து துப்புரவாக்கிக்கொண்டிருந்த மனுசன், பத்து மணி போல தொங்கிக் கிடந்த வயர் முனையைச் சும்மா இருந்த துளையில் செருகி அழகு பார்த்திருக்கிறார்.

"பிள்ள, எம் பேரச் சொல்லிராத," என்றார் மெதுவாக.

"ஒங்க பேரச் சொல்ல மாட்டேன் ஐயா. லயத்துப் பேரயும் சொல்ல விட மாட்டேன்."

அதற்குள் கம்பனி ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். துரை அவர்கள் பக்கம் திரும்பி, லயத்து வயரால் வந்த கோளாறு, இப்போதே கழட்டச் சொல்லிவிட்டேன் என்றார். கண் முன்னே பார்த்துவிட்டுச் சொன்ன பச்சைப் பொய் அது.

விஜயகலா குனிந்து, பிடுங்கிய முனையைத் திரும்பவும் அதே துளையில் குத்தினாள். ஆபீஸ் மறுபடி நின்றது. ஃபோனை எடுத்து, கம்பியூட்டர் அறையில் பாடம் நடத்தும் ஸுமைரா டீச்சரை எல்லோருக்கும் கேட்கும்படி அழைத்தாள்.

"டீச்சர், ஒன்லைன் பாடம் ஓடுதா?"

"நல்லா ஓடுது பிள்ள. ஏன் கேக்குறீங்க?"

ஃபோனை வைத்துவிட்டுத் துரையைப் பார்த்தாள். "எதக் கழட்டட்டும் சேர்? இந்த வயரையா, லயத்து வயரையா?"

கம்பனி ஆட்களும் துரையைத்தான் பார்த்தார்கள். அவருக்குக் காது சிவந்துபோனது. "இத," என்றார்.

விஜயகலா அசையவில்லை. சேர்விஸ் ரிப்போர்ட்டில் காரணத்தை எழுதினாள். அதன் கீழே, லயத்து வயர் இருந்தபடியே இருக்கும் என்று இன்னொரு வரி எழுதி அவரிடம் நீட்டினாள்.

அவர் கையெழுத்து வைத்த பிறகுதான் குனிந்தாள்.