உறுமியது மோட்டாரா, மைக்கா?

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலை ஒட்டி மிக்சியும் மின்விசிறியும் பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தவரை எல்லோரும் மிக்சி அக்கா என்றே கூப்பிட்டார்கள். குடியிருந்ததும் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில்தான். கணவர் பேருந்து ஓட்டுநர். விடிவதற்குள் வண்டி எடுக்க வேண்டியவர்.

அவர்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்போர் சங்கம் புதிதாகத் தண்ணீர் மோட்டார் வைத்தது. அன்றிலிருந்து சுவர் முழுக்க ஓர் உறுமல். காதில் கேட்பதைவிட நெஞ்சில் அதிர்வதுதான் அதிகம். தூக்கம் கெட்ட கணவர் ஒருநாள் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்விட்டார். யாருக்கும் அடிபடவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும், அக்கா நேரே சங்கச் செயலாளரிடம் போனார்.

"எங்கம்மா சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் அவர். மூன்றாவது மாடியில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கும்?

கைபேசியில் பதிவு செய்து எடுத்துப்போனார் அக்கா. அந்த அடித்தொண்டை உறுமலைப் போன் வாங்கவே இல்லை. கடிகாரத்தின் டிக்டிக் மட்டும் வந்தது.

"வயசாகுதில்ல, நல்ல காது டாக்டரா பாருங்க" என்று செயலாளர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அக்காவை உட்காரவிடவில்லை. கடையில் கிடந்த கழிசலையெல்லாம் மேசைமேல் கொட்டினார். செத்துப்போன டேப் ரிக்கார்டரிலிருந்து, சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத கண்டென்சர் மைக் ஒன்றைப் பிடுங்கினார். பழைய ரேடியோவின் டிரான்சிஸ்டர், பொம்மைக் காரின் பேட்டரிப் பெட்டி, மூடிக்குப் பதில் டீ வடிகட்டியின் கம்பிவலை. பேசிக்கொள்ளாத சொந்தக்காரர்களை ஒரே அறையில் அடைத்த மாதிரி இருந்தது அது.

ஒலிபெருக்கியில் மாட்டியதும் வானொலிச் செய்தி கேட்டது. கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊர் சேதியெல்லாம் சொல்லுது, நம்ம வீட்டுச் சேதிய மட்டும் சொல்லமாட்டேங்குதே!"

"சொல்லவைக்கிறேன் இருங்க." வானொலி அலை உள்ளே புகாதபடி வலையையும் கம்பியின் உலோக மேலுறையையும் சேர்த்து ஈயத்தால் பற்றவைத்தார். ரேடியோ ஓய்ந்தது. மைக்கைச் சுவரோரம் வைத்ததும் உறுமல் கூடத்தையே ஆட்டியது.

அடுத்த சங்கக் கூட்டத்தை அக்கா விடாப்பிடியாகத் தன் வீட்டிலேயே நடத்தவைத்தார். மைக் படுக்கையறையில், ஒலிபெருக்கி கூடத்தில். செயலாளர் அசரவில்லை.

"இது மோட்டார் இல்ல. கண்ட சாமானையும் ஒட்டுப்போட்டா மைக்கே உறுமத்தான் செய்யும்."

நாலைந்து தலைகள் ஆடின. அக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"அப்போ மோட்டாரை நிறுத்துங்க, பார்த்துடலாம்!"

"தொட்டி நிரம்பணும். நிறுத்த முடியாது."

செயலாளரின் மனைவி எழுந்தார். "நானே நிறுத்துறேன். எனக்கும் தெரிஞ்சாகணும்" என்று கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி வாயடைத்துப்போனது. மோட்டாரை மறுபடி போட்டதும் உறுமியது. மன்னிப்பு என்ற சொல் எவர் வாயிலும் வரவில்லை. மோட்டாரை இடம் மாற்றுவதாக மட்டும் முடிவானது.

மறுநாள் போய்ப் பார்த்தால், காவல்காரர் படுக்கும் அறையை ஒட்டிக் கொத்தனார் மேடை கட்டிக்கொண்டிருந்தார்.

"விடுங்கக்கா, எனக்குப் பழகிடும்" என்றார் காவல்காரர்.

"ஏன் பழகணும்? உங்க காதென்ன தகரத்துலயா செஞ்சிருக்கு?"

செயலாளர் ஓடிவந்தார். "அவரே ஒண்ணும் சொல்லல. உங்களுக்கென்ன வந்துச்சு?"

"அவர் சொன்னா வேலைய விட்டுத் தூக்குவீங்க. என்னை எங்கேருந்து தூக்குவீங்க?" என்று அக்கா சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். செயலாளரின் மனைவியும் வந்து பக்கத்தில் நின்றார். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

கடைசியில் சைக்கிள் கொட்டகையின் மூலைக்கு மோட்டார் போனது, அடியில் கனமான ரப்பரோடு. ஓட்டுநர் இப்போது தூங்குகிறார், காவல்காரரும்தான். முன்பு அக்கா கடைக்கு வந்த சங்கத்தின் மின்விசிறிகள் மட்டும் இப்போது நாலு தெரு தள்ளி வேறு கடைக்குப் பழுதுபார்க்கப் போகின்றன. "போகட்டும்!" என்று சொல்லும்போதும் அக்காவுக்கு மூக்கு விடைத்துக்கொள்கிறது.