பூதம் கூப்பிட்ட பெயர்

இறப்பர் பசையும் ஈரத் தேங்காய்த் தும்பும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில், எங்கள் வீட்டு வாசலில், கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் பழைய 'படங்கு'ச் சாக்குகளைத் தைத்து, மேலே தும்பை ஒட்டி, என் அப்பாவுக்குப் பூத உடுப்புச் செய்த நாற்றம் அது.

ஒரேயொரு கேமராவோடு கொழும்பிலிருந்து வந்த பையன்கள், காட்டில் வழிதவறியவர்களைப் பூதம் துரத்துவதாகப் படம் எடுத்தார்கள். நடிகர்களைக் கூட்டிவர வசதியில்லாததால் தோட்டத்திலேயே நெட்டையான ஆளைத் தேடி அப்பாவைப் பிடித்தார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போகிற வழியெல்லாம் உறுமிப் பழகுகிறார் என்று லயமே கேலி செய்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் முகமூடிக்கு நாடா தைத்துக் கொடுத்ததும் அவள்தான். அவர்கள் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டதை நான் கேட்டதேயில்லை. அப்பாவுக்கு அம்மா எப்போதும் 'இந்தா'. அம்மாவுக்கு அப்பா 'இங்க பாருங்க'. எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், பூதம் கிளைகளை உலுக்கிக்கொண்டு வெளியே வரவேண்டும். அப்பா உள்ளே போனார். அவர் உலுக்கிய மரத்தில் குளவிக்கூடு இருந்தது கீழே நின்ற எங்களுக்குத் தெரியாது.

முதலில் ஓர் அலறல் கேட்டது. மானாப்புல்லை மிதித்துக்கொண்டு பூதம் கைகளை வீசி வீசி ஓடிவந்தது. நாங்கள் கைதட்டினோம். கேமரா நிற்கவில்லை. முகமூடிக்குள்ளிருந்து அமுங்கிய குரலில் "செல்லம்மா, செல்லம்மா" என்று பூதம் கத்தியது; படத்தில் வருகிற வசனம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினோம். அது விழுந்து புரண்ட பிறகுதான் குளவிகள் எங்கள் பக்கமும் வந்தன. குளவி அடங்கி, அந்த உடுப்பை வெட்டி எடுத்து, மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் லொறியிலேயே அப்பாவின் மூச்சு நின்றுவிட்டது.

"சத்தம் கேட்டுச்சு. என்னயத்தான்னு தெரியலயே," என்று சாவு வீட்டில் அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "பேரச் சொல்லி என்னைக்குக் கூப்புட்டாரு?"

பையன்கள் படத்தை எப்படியோ முடித்தார்கள். பூதம் வருகிற இடமெல்லாம் அன்றைக்கு அப்பா கத்திய அதே குரலை இழுத்து, தடிப்பாக்கிப் போட்டிருந்தார்கள். வேறு சத்தமா கிடைக்கவில்லை அந்தப் பாவிகளுக்கு? எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று அந்த மரமும் இல்லை, காட்டின் அந்த ஓரமும் இல்லை. மரக்கறித் தோட்டம் போட்டுவிட்டார்கள். படம் மட்டும் போனில் கிடைக்கிறது. சாக்குப் பூதம் என்று சிரித்து எவரெவரோ கீழே எழுதியிருக்கிறார்கள். போன வாரம் அம்மா அதைப் போடச் சொன்னாள். திரையைப் பார்க்கவில்லை, போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். பூதம் கத்தியது. எனக்குத் தாங்கவில்லை, நிறுத்தப் போனேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "இரு புள்ள. எம் பேரத்தான் சொல்றாரு. இன்னொருக்கா போடு."