ஊசி ஒத்துக்கொள்ளாத பிள்ளை

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பட்டம் இருந்தது: ஊசி ஒத்துக்கொள்ளாத பிள்ளை. பள்ளியில் சேர்த்தபோது என் பெயரைச் சொன்ன கையோடு அம்மா இதையும் சொல்லிவிட்டாள். தடுப்பூசி போட ஆட்கள் வருகிற நாளில் மற்ற பிள்ளைகள் வரிசையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, நான் மட்டும் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து மின்விசிறிக் காற்று வாங்குவேன். இதைவிடச் சுகமான வியாதியை நான் பார்த்ததில்லை.

பட்டம் கிடைத்தது ஐந்து வயதில். அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தார். அம்மா கார்மென்ட்ஸில் தையல் மிஷின் ஓட்டினாள். அம்மாவின் தம்பி, என் மாமா, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்தார். வீட்டில் வேலை கிடைக்காத மாமா ஒருவர் இருந்தால் குழந்தையை ஊசி போட யார் கூட்டிப்போவது என்று யாரும் யோசிக்க மாட்டார்கள். அவர்தான் கூட்டிப்போனார். போட்டுக்கொண்டு வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் என் உதடு வீங்கியது, முகத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. சாயங்காலம் அம்மா வருவதற்குள் பாதி வடிந்துவிட்டது. மீதிப் பாதியைப் பார்த்து அவள் போட்ட சத்தத்திலேயே லைன் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல வீக்கம் கூடிக்கொண்டே போனது. உதட்டிலிருந்து கன்னத்துக்கு ஏறி, கண்ணை மூடி, கடைசியில் என் மூச்சையே நிறுத்திவிட்டது. மாமாதான் பாவம். யார் கதை கேட்டாலும் முடிவில் அவர் பக்கம்தான் திரும்புவார்கள். வேலை கிடைத்துத் தனியாக அறை எடுத்துப் போன பிறகும் அந்தக் குற்ற உணர்ச்சி அவரை விடவில்லை. வருகிறபோதெல்லாம் எனக்கு முட்டை பப்ஸ், பலூன், வளையல் என்று கை நிறைய வாங்கி வருவார். சில நாள் அவர் போன பிறகு என் உதடு அரிக்கும். "அந்த ஊசியோட வெசம் இன்னும் ஒடம்புல இக்குது" என்பாள் அம்மா. பிறகு பப்ஸுக்குள் இருந்த முட்டைமேல் சந்தேகம் வந்து, முட்டையையே வீட்டுக்குள் விடாமல் நிறுத்திவிட்டாள்.

எட்டு வயதில் என்னை நாய் கடித்தது. பள்ளி விட்டு வரும் வழியில், கோழிக்கடை ஓரத்தில், கெண்டைக்காலில். யார் வீட்டு நாய் என்று தெரியாது. கடித்த வேகத்தில் சர்வீஸ் ரோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. அன்று அம்மாவுக்குக் காலை ஷிப்ட், முடித்துவிட்டு வீட்டில்தான் இருந்தாள். குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் காயத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தெருமுனைக் கிளினிக்கில் உடனே ஊசி போட வேண்டும் என்றார்கள். அம்மா தன் கதையைத் தொடங்கினாள். மூச்சு நின்ற இடம் வந்ததும் அவர்கள் மருந்தை மறுபடி உள்ளே வைத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

அப்பாவுக்கு போன் போகவில்லை. மாமாதான் கம்பெனிச் சட்டையோடு பைக்கில் வந்து நின்றார். அம்மா என்னை நடுவில் உட்காரவைத்து, கடிபட்ட காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டர் ஒரு பெண். நர்ஸிடம் கன்னடத்திலும் எங்களிடம் தமிழிலும் மாற்றி மாற்றிப் பேசினார். அம்மா அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஊசி போட்டா புள்ள போயிடும் மேடம். போடலன்னாலும் போயிடும். நான் இன்னாதான் பண்றது?"

"முதல்ல உக்காருங்கம்மா. நாய்க்கடி ஊசி போட்டே ஆகணும், அதுல மாத்தமே இல்ல. எப்படி ஜாக்கிரதையா போடலாம்னு பாக்கத்தான் கேக்கறேன். அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அம்மா சொன்னாள். உதடு, கன்னம், கண், மூச்சு, கடைசியில் நிறுத்திவிட்ட முட்டை வரைக்கும். டாக்டர் முழுவதும் கேட்டுவிட்டு, "மூச்சு நின்னத நீங்க பாத்தீங்களா?" என்றார். அம்மா மாமாவைப் பார்த்தாள்.

"மூச்செல்லாம் நல்லாத்தான் வுட்டுச்சி மேடம்" என்றார் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு. இத்தனை வருடம் அவரிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. அவரும் தன் அக்காவின் கதைக்கு நடுவே வாய் திறந்ததில்லை.

அதற்குப் பிறகு கேள்வியெல்லாம் மாமாவிடம்தான். ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்து? வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு மணி நேரம் இருக்கும். முதலில் எங்கே வீங்கியது? உதட்டில். ஊசி போட்ட கையில்? ஒன்றுமில்லை. நடுவில் என்ன சாப்பிட்டாள்?

"ஒண்ணுமே சாப்புடல மேடம். ஒரு பிஸ்கட்டுகூட நான் குடுக்கல."

சத்தியமாக அது உண்மை. டாக்டர் கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ சொல்லு. ஊசி போட்டுட்டு வெளிய வந்தே. அப்புறம்?"

என் கதையை என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அதில் எது முக்கியமோ அதைச் சொன்னேன். "நான் அழவே இல்ல. அழாம இருந்தா பலூன்னு மாமா சொல்லியிருந்தாரு. செவப்பு பலூன். வாயால நானே ஊதினேன். வெடிச்சிருச்சி. இன்னொண்ணு வாங்கிக் குடுத்தாரு, அதயும் ஊதினேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம் எப்பெல்லாம் பலூன் ஊதுனே?"

"மாமா வரும்போதெல்லாம்."

மாமாவின் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. ஆனால் அவர்மேல் தப்பில்லை. சாப்பிட்டதைக் கேட்டால் பலூனை யார் சேர்த்துச் சொல்வார்கள்?

டாக்டர் ரப்பர் கையுறை ஒன்றின் விரலை வெட்டி, என் சுண்டுவிரலை ஈரப் பஞ்சால் துடைத்து அதில் மாட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் விரல் அரித்துத் தடித்தது. உடனே உருவிக் கழுவிவிட்டார். இன்னொரு கை விரலில் பிளாஸ்டிக் உறை மாட்டினார், அது ஒன்றும் செய்யவில்லை. பிறகு மருந்து பாட்டிலின் மூடி எதனால் செய்தது என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "ட்ரே ரெடி மாடி" என்று கன்னடத்தில் நர்ஸைத் தயார் செய்யச் சொன்னார். ஏதாவது ஆனால் போடுவதற்கான மருந்தும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பிளாஸ்டிக் கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு தோளிலும் ஊசி, காயத்தைச் சுற்றியும் ஊசி. அப்போது நான் அழுதேன். பலூன் தருவதாக யாரும் சொல்லவில்லை.

வெளியே பெஞ்சில் வெகுநேரம் உட்காரவைத்தார்கள். டாக்டர் அடிக்கடி வந்து என் முகவாயைத் தூக்கி உதட்டைப் பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் ஆகவில்லை. "இவளுக்கு ஒத்துக்காதது ரப்பர்மா. ஊசி இல்ல. முட்டையையும் ஒரு நாள் இங்கயே குடுத்துப் பாத்துடலாம்" என்றார். மாமா, "அக்கா, நாந்தான் ஒவ்வொரு வாட்டியும்..." என்று ஆரம்பித்தார். "வாய மூடுடா" என்று சொல்லி அம்மா தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். எனக்குத்தான் அந்த நாள் பெரிய நஷ்டம். பட்டம் பறிபோனது, விட்டுப்போன தடுப்பூசிகள் அத்தனையும் அடுத்த மாதங்களில் என்னைத் தேடி வந்தன. இன்றும் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கையுறை எதனால் செய்தது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

நாய்க்கடிக்கான ஊசிகள் முழுவதும் போட்டு முடித்த பிறகும் அம்மாவிடம் ஒரு புதுப் பழக்கம் இருந்தது. காலையில் எழுந்ததும், பள்ளி விட்டு வந்ததும் என் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரோடு நிற்பாள். "குடி" என்பாள். நான் குடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் விளையாட்டுக்கு முகத்தைச் சுளித்து, "வேணாம், போ" என்று டம்ளரைத் தள்ளிவிட்டேன். டம்ளர் உருண்டது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒரே ஒரு வாய் குடிடீ" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. குடத்தில் மொண்டு மடமடவென்று குடித்துக் காட்டினேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

நாய்க்கடி முற்றினால் தண்ணீரைக் கண்டாலே மிரளுவார்கள் என்று அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் கொட்டியதற்கா இப்படி அழுவாள் என்று நினைத்துக்கொண்டு, துணி எடுத்து வந்து தரையைத் துடைத்தேன்.