கேரம் காய் மேல் நின்ற படை

போன சனிக்கிழமை காலை, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சிதம்பரத்திலிருந்து போன். என் மனைவியின் தம்பி குமரன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"இன்னா மாமா பண்றீங்க? இங்க ஒரு ஆபரேஷன் இருக்கு. கை நடுங்காத ஆள் ஒருத்தர் வேணும்."

"யாருக்கு மச்சான்?"

"என் படைக்கு."

கடலூரில் எனக்கு அன்று பெரிய வேலை ஒன்றும் இல்லை. இருந்தால் மட்டும்? ஓரிடத்தில் கால் தரிக்காத பிறவி நான். அடுத்த பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் உப்புக்காற்று வந்து முகத்தில் உட்கார்ந்தது.

படை என்றால் வேறொன்றும் இல்லை. கட்டைவிரல் உயர பிளாஸ்டிக் வீரர்கள். வேல், வில், கேடயம் எல்லாம் உண்டு. மேஜையில் நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதவிடுகிற விளையாட்டு. குமரனின் மகள் யாழினி பள்ளியில் படித்தபோது, சென்னையில் யாரோ ஒருவரிடம் பழையதாக வாங்கியது. அப்பாவும் மகளும் சேர்ந்து பெயின்ட் அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு கிடையாது... போர்தான்.

யாழினி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் இதை ஆடுகிற ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் போனில் சொன்னாளாம்: "ப்பா, நம்முளுது சதுர பேஸ். இப்ப எல்லாம் ரவுண்டுதான். அத வெச்சு ஆட முடியாது. பசங்க யாராவது கேட்டா குடுத்துடு."

பேஸ் என்பது வீரனின் காலுக்குக் கீழே இருக்கும் சின்னத் தட்டு. அவன் நிற்கிற தரை. அது சதுரமா வட்டமா என்பதில் ஒரு மனிதனின் தூக்கம் கெடுமா? கெட்டிருந்தது.

"குடுத்துட்டா அப்புறம் நான் அவகூட இன்னா பேசறது மாமா? சாப்டியா, தூங்கினியா... அதோட முடிஞ்சிடுது போன். நாளைக்குக் காலைல வர்றா. அதுக்குள்ள மாத்திடணும்."

சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஃப்ரீஸரைத் திறந்தான். வஞ்சிரத் துண்டுகளுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் படை விறைத்துக் கிடந்தது. ராத்திரியே வைத்துவிட்டானாம். குளிரில் சூப்பர் க்ளூ நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். எடுத்த சூட்டோடு... இல்லை, எடுத்த குளிரோடு, பேஸைப் பிடித்து லேசாக முறுக்க வேண்டும். டிக். வீரன் ஒரு கையில், அவன் தரை இன்னொரு கையில்.

"ஜாஸ்தி அமுக்காதீங்க மாமா. கணுக்கால் போயிடும்."

சில பேர் அசையவே இல்லை. பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டவைக்கிற பசையால் ஒட்டப்பட்டவர்கள். காலும் தட்டும் ஒன்றாகிப் போனவர்கள். அவர்களைப் பாதத்துக்கு அடியில் பிளேடு கொடுத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக அறுக்க வேண்டும். ஒரு வில்லாளியின் கால் உடைந்தது. என் கையில்தான். குமரன் குண்டூசியை வெட்டி, சூடு காட்டி, காலுக்குள் சொருகி நிமிர்த்தினான். எலும்பு டாக்டர் தோற்றார்.

மத்தியானம் செய்தித்தாள் மேல் எல்லோரும் படுத்துக் கிடந்தார்கள். காலுக்குக் கீழே எதுவும் இல்லாமல், ஓங்கிய வேல்களை மட்டும் இறக்காமல்.

"சரி, வட்ட பேஸ் எங்க?"

"ஆன்லைன்ல போட்டேன். அடுத்த வாரந்தான் வருமாம்."

"அப்போ?"

பரணிலிருந்து கேரம் காய் டப்பாவை இறக்கினான். ஸ்கேலை வைத்துக் காட்டினான். புது பேஸ் எந்த விட்டமோ, கேரம் காயும் ஏறக்குறைய அதே விட்டம். வீரர்களுக்கு ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை. தளபதிக்குச் சிவப்பு. எப்படி இருக்கிறது கணக்கு வாத்தியார் மூளை?

முதலில் ஒட்டிய வீரர்கள் எல்லாம் சரிந்து விழுந்தார்கள். காயில் பல வருஷத்து கேரம் பவுடர். ஈரத்துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் க்ளூ பிடித்தது. சாயங்காலம் கோயில் மணி கேட்டபோது படை எழுந்து நின்றது. கொஞ்சம் கம்பீரமாகவே நின்றது. ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கும்தான்.

மறுநாள் காலை யாழினி வந்தாள். குளித்தாள், சாப்பிட்டாள். மேஜையைப் பார்த்தாள். தளபதியைத் தூக்கித் திருப்பினாள்.

"ப்பா... இது கேரம் காய்."

"அளந்து பாரு."

அளந்தாள். "சைஸ் சரிதான்," என்றாள். பையைத் திறந்து தன்னுடைய படையை எடுத்து எதிரே அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கும்போது அவள் முகம் கொஞ்சம் பள்ளிக்கூடத்து முகமாக மாறியது.

குமரன் கெட்டிக்காரத்தனமாகத் தன் வில்லாளிகளை அட்டைச் சுவருக்குப் பின்னால் ஒளித்தான். சுவர் மறைத்தால் எதிரி சுட முடியாது; அம்பு விடுவதற்கும் ஆட்டத்தில் சுடுவது என்றுதான் பேர். அதுதான் விதி. யாழினி குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடி, மேஜை மட்டத்தில் பார்த்தாள்.

"தெரியுது."

"எது?"

"தலை. எல்லாத் தலையும். உன் ஆளுங்க ஸ்டூல் மேல நிக்கறாங்கப்பா."

கேரம் காய் தடிமன். கடை பேஸ் அதில் பாதி தடிமன்கூட இருக்காது. கணக்கு வாத்தியார் விட்டத்தை அளந்தார். உயரத்தை விட்டுவிட்டார்.

அவள் பகடையைக் கையில் எடுத்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "நேத்து பூரா ஒக்காந்து பண்ணியிருக்கான்டி. இந்த ஒரு தடவ விட்டுடேன்."

"மாமா, நீங்க சும்மா இருங்க," என்றான் குமரன். "தெரிஞ்சா சுடலாம். அவ சொல்றது சரிதான்."

சுட்டாள். ஒரு வில்லாளியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அடுத்து வேல்காரர்கள், கடைசியாகச் சிவப்புக் காய் மேல் நின்ற தளபதி. நடுவில் இருவருக்கும் ஒரு அங்குலத்துக்காகப் பெரிய சண்டை. டேப்பை இரண்டு பேரும் இரண்டு முனையில் பிடித்து இழுத்தார்கள். "ஏமாத்தற நீ", "நீதான்டி ஏமாத்தற". சமையலறையிலிருந்து குமரனின் மனைவி எட்டிப் பார்த்து, "ரெண்டும் திருந்தாது" என்று உள்ளே போனாள்.

பெற்றவர்களுக்கு வயதாவது எப்போது? முடி நரைக்கும்போதா, கண்ணாடி போடும்போதா? பிள்ளைகள் பாவம் பார்த்து விட்டுக்கொடுக்க ஆரம்பிக்கிறார்களே, அப்போதுதான் என்று நினைக்கிறேன். தோற்றுப்போன குமரன் அன்று என்னைவிடப் பத்து வயது இளையவனாகத் தெரிந்தான். உண்மையில் இளையவன் மூன்று வயதுதான்.

யாழினி எழுந்து சோம்பல் முறித்தாள். "இதெல்லாம் கழட்டி மெல்லிசு பேஸ்ல ஒட்டிடு. அடுத்த தடவ வரும்போது ஸ்டூல் மேல நின்னதால தோத்தேன்னு சாக்கு சொல்லக் கூடாது."

குமரன் தலையாட்டினான். அவ்வளவு நீளமான பேச்சில் அவன் காதில் விழுந்தது, "அடுத்த தடவ" மட்டும்தான்.