புழு நீந்துகிறது

இசைவாணியின் ஆய்வுக்கூடத்தில் அன்று எல்லோர் முகத்திலும் சிரிப்பு. நுண்ணோக்கியில் தெரிந்த புழுக்களின் உடம்பில் புரதக் கட்டிகள் பெருமளவு கரைந்திருந்தன. நூல் துணுக்கைவிடச் சிறிய அந்தப் புழுக்களுக்குள், நடுக்குவாத நோயாளிகளின் மூளையில் திரளும் அதே புரதத்தை அவள் வைத்து வளர்த்திருந்தாள்.

தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் உதவிப் பேராசிரியர். சொந்த ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். அப்பா இராஜாங்கமும் அம்மா அம்சமும் ஊர்ப் பண்ணையில் நடவு, அறுப்பு என்று உழைத்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர்கள். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவள்தான்.

உடம்பில் புரதம் சரியான வடிவில் மடிந்தால்தான் வேலை செய்யும். மடியும்வரை அது கண்டதோடு ஒட்டிக்கொள்ளாமல் காப்பதற்குத் துணைப்புரதங்கள் உண்டு. ஒட்டித் திரண்டதைப் பிரித்துவிடும் துணைப்புரதங்களும் உண்டு. அப்படி ஒன்றின் அளவைத்தான் அவள் புழுக்களில் கூட்டியிருந்தாள்.

"உடனே எழுதி அனுப்பிடும்மா. வேற யாராவது முந்திடப் போறாங்க" என்றார் துறைத் தலைவர் மதிவாணன்.

"புழு எப்படி நீந்துதுன்னு பாத்துட்டு அனுப்பறேன் சார்."

அவளிடம் ஆய்வு மாணவராக இருந்த கூத்தாநல்லூர் தௌபீக் புழுக்களைத் தண்ணீரில் விட்டார். நல்ல புழு வளைந்து நெளிந்து நீந்தும். இவையோ முன்னைவிடச் சோர்ந்து கிடந்தன. உடைந்த துணுக்குகள் உடம்பெங்கும் பரவி, கட்டியைவிட அதிகக் கெடுதல் செய்துகொண்டிருந்தன.

"கட்டி கரைஞ்சது உண்மைதானே? அதை மட்டும் எழுதுனா என்ன?" என்று கேட்டார் மதிவாணன்.

"படிக்கிறவங்க புழு குணமாயிட்டுதுன்னு நெனைச்சுக்குவாங்க சார்."

அவள் கட்டுரையை அனுப்பவில்லை. சில மாதங்களில் வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று, கட்டி கரைவதை மட்டும் எழுதிப் பெயர் வாங்கிவிட்டது. தௌபீக் அன்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. இசைவாணிதான் அதைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"அவங்க எழுதுனது பாதிக் கதை. மீதியை நாம கண்டுபிடிப்போம், வாங்க" என்று வேலையைத் தொடங்கினாள்.

பல தடவை தோற்ற பிறகு வழி கிடைத்தது. துணுக்குகளைப் பிடித்துச் செல்லுக்குள் கழிவை அழிக்கும் இடத்தில் சேர்க்கும் இன்னொரு துணைப்புரதத்தையும் சேர்த்துக் கூட்டினார்கள். புழுக்கள் நீந்தின. தௌபீக் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இசைவாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

கட்டுரை நல்ல இதழில் வந்தது. ஆனால் ஒரு நாளிதழ், நடுக்குவாதத்துக்கு மருந்து கண்டுபிடித்த தஞ்சைப் பெண் என்று போட்டுவிட்டது. திருத்தம் போடச் சொல்லி அவள் கேட்டாள். அது வருவதற்குள் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. கூப்பிட்டவர் பஞ்சநதம். அவருடைய பண்ணையில்தான் அவள் பெற்றோர் வேலை பார்த்தார்கள். அவருக்கு இப்போது நடுக்குவாதம்.

அம்சத்தோடு அவர் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் அம்சம் பழக்கத்தில் கதவோரமே நின்றுவிட்டாள். இசைவாணி நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்காரவைத்த பிறகுதான் தானும் உட்கார்ந்தாள். பஞ்சநதத்தின் வலது கை முழங்காலின் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

"நீ கண்டுபிடிச்ச மருந்து எனக்குக் கேக்குமாம்மா?"

"மருந்து இல்லீங்க ஐயா. பேப்பர்ல தப்பாப் போட்டுட்டாங்க. இப்போதைக்குப் புழுவுலதான் பாத்திருக்கோம். மனுஷங்களுக்கு வர்றதுக்கு ரொம்ப வருஷம் ஆகும், வராமலும் போகலாம். டாக்டர் குடுக்குற மாத்திரையை விட்டுடாதீங்க."

கைபேசியில் புழுக்கள் நீந்துவதைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"வர்றவங்க எல்லாம் சரியாயிடும் சரியாயிடும்னுதான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் உள்ளதைச் சொன்னீங்க" என்றார். அந்த 'நீங்க' அம்சத்தின் காதில் விழுந்தது. பிறகு அவர் கேட்டார்: "நான் போனப்புறம் என் மூளை உங்க ஆராய்ச்சிக்கு உதவுமா?"

இசைவாணி இதை எதிர்பார்க்கவில்லை. "உதவும் ஐயா. அதைப் பாதுகாக்கறதுக்குன்னே இடம் இருக்கு. வீட்ல எல்லாரும் சம்மதிக்கணும்."

"சம்மதிக்க வைக்கறேன்."

மறுநாள் வரப்பில் நின்ற அம்சத்திடம் நடவுப் பெண்கள் கேட்டார்கள், "ஒம்பொண்ணு மருந்து கண்டுபிடிச்சிட்டாளாமே?"

அம்சம் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"மருந்தெல்லாம் இன்னும் வரலடி. படுத்துக் கெடந்த புழு நீந்துது. அதுவரைக்கும் வந்துட்டா எம்பொண்ணு."