நடுப் பெடல்

தம்பியின் கல்யாணத்தில் எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. தாம்பாளம் தூக்குவது, பந்தியில் நின்று சாம்பார் கேட்பது போன்ற வேலை இல்லை. யாரும், முக்கியமாக அத்தை, பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொள்ள முடியாத வேலை. அக்கா இருக்கும்போது தம்பிக்குக் கல்யாணம் நடந்தால் அந்த அக்காவை எப்படிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். கோவில்பட்டியில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். ஆனால் பாவப்பட வருகிறவர்களை நிறுத்தி வைத்து அதையெல்லாம் விளக்க முடியாது.

வேலை தானாக வந்தது. தம்பி வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளி வீட்டுக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு முதலாளியின் கார் வரும். அவருடைய தாத்தா வாங்கிய கார். மேல்கூரையை மடித்துவிட்டால் மாப்பிள்ளை ஊருக்கே தெரிவார். இந்த முறை அதன் டிரைவருக்குக் கண் ஆபரேஷன். கயத்தாறில் லாரி டிரைவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், ஒருவரைக் கூட்டி வந்துவிடலாம் என்றார் சித்தப்பா. நான் ஓட்டுகிறேன் என்றேன். எங்கள் வீட்டில் கார் லைசென்ஸ் இருப்பது என்னிடம் மட்டும்தான்.

"ஏட்டி, அது காரு இல்ல, தேரு" என்றார் சித்தப்பா.

"தேருக்கும் ஆளு வேணும்லா சித்தப்பா."

முதலாளி அண்ணாச்சி மறுக்கவில்லை. காரை அவரே எங்கள் ஊருக்கு ஓட்டி வந்து களத்தில் நிறுத்தினார். எனக்குப் பாடம் எடுக்க அவருக்கு நேரமில்லை. திரும்பிப் போக ஆபீஸ் வேன் பின்னாலேயே வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"நடுவுல இருக்கது ஆக்சிலேட்டரு. வலது ஓரத்துல இருக்கதுதான் பிரேக்கு. மறந்திராத, ஒங்க ஸ்கூல்ல படிச்சதுக்கு அப்படியே தலைகீழு. ஸ்டீயரிங்குக்கு நடுவுல ரெண்டு குச்சி இருக்குல்லா, இது பெட்ரோலுக்கு, இது தீக்கு. ஹேண்டிலைப் போட்டு இஞ்சினைச் சுத்துதப்ப தீயைப் பின்னாடி தள்ளி வையி. நம்ம தொழில் மாதிரிதான், தீ முந்திட்டா கை போயிரும். ஹேண்ட் பிரேக்கை நம்பாத, எறக்கத்துல நின்னா சக்கரத்துக்குக் கல்லு வையி. மத்தது நீ படிச்ச புள்ள, பாத்துக்கிடுவ."

அவர் போனதும் ஏறி உட்கார்ந்தேன். கியர் போட்டேன், பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். கிளட்சை இரண்டு முறை மிதித்தால்தான் அது சம்மதிக்கும் என்பது பிறகு தெரிந்தது. கார் நகர்ந்தது. களத்தின் ஓரம் வரை நன்றாகவே போனேன். அங்கே சோளத்தட்டையை அடுக்கி வைத்த படப்பு. நிறுத்த வேண்டும் என்று மனசு சொன்னது. கோவில்பட்டி டிரைவிங் ஸ்கூலில் கற்ற என் கால், தன் பாட்டுக்கு நடுப் பெடலை மிதித்தது. கார் பாய்ந்து படப்புக்குள் புகுந்தது. தட்டை என் தலைமேல் விழுந்தது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சித்தப்பா என் தலையிலிருந்து தட்டையை எடுத்துப் போட்டபடி சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நல்லவேளை, படப்பாப் போச்சு. அழைப்புல முன்னால மேளக்காரன் நடப்பாம்ட்டி. அவனுக்கு முன்னால ஊர்ப் பிள்ளைக பூரா ஆடும். நான் கயத்தாத்துக்கு போன் போடுதேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் என்னை அரித்தது. புதன்கிழமை வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழைப்பு.

அந்த நாட்களில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் மேசைக்கு அடியில் என் கால் வலது ஓரத்தை மிதித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸிலும் மிதித்தேன், சாப்பிடும்போதும் மிதித்தேன். அம்மா பூ கட்டியபடி என் முழங்காலில் ஓர் அடி வைத்தாள்.

"காலை ஆட்டாதட்டி. கல்யாண வீட்டுல சீதேவி தங்க மாட்டா."

"ஆட்டல. பிரேக்குப் போடுதேன்."

"யாருக்குப் போடுத?"

சாயங்காலம் களத்தில் காரை எடுத்துப் பழகினேன். யோசித்துப் போடும்போது கால் சரியாகத்தான் போனது. ஒரு நாய் குறுக்கே வந்தாலோ, யாராவது கத்தினாலோ, நினைக்கும் முன்பே நடுவுக்குப் போய்விடும். நான் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள். கால் என் பேச்சைக் கேட்காதது எனக்கு அவமானமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை களத்தில் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் டிராக்டர் கண்ணில் பட்டது. ஒரு வருஷம் விதைப்பு நேரத்தில் அவர் காய்ச்சலில் படுத்துவிட, கரிசல் ஈரம் காய்வதற்குள் அந்த டிராக்டரை ஓட்டி விதைத்தது நான்தான். உழும்போது யாரும் ஆக்சிலேட்டரில் கால் வைப்பதில்லை. கையால் ஒரு குச்சியை இழுத்து வைத்துவிட்டால் அது ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். அழைப்பும் ஆள் நடக்கிற வேகம்தானே.

பெட்ரோல் குச்சியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். முதல் கியர். வலது காலைத் தூக்கிப் பிரேக்கின் மேல் வைத்தேன், அங்கிருந்து எடுக்கவே இல்லை. நடுப் பெடல் என்று ஒன்று இல்லை என்று வைத்துக்கொண்டேன். கார் உழவுக்குப் போவது போல நிதானமாகப் போனது.

புதன்கிழமை சித்தப்பா தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றார்.

"நான்தான் மேளம். நான் நின்னா நீ நிக்கணும். சொல்லிட்டு நிக்க மாட்டேன்."

"தள்ளிப் போய் நில்லுங்க சித்தப்பா."

"மேளக்காரன் தள்ளியா நிப்பான்?"

வாயாலேயே தவில் அடித்துக்கொண்டு நடந்தார். திடீரென நின்றார், நின்றேன். என் பக்கம் திரும்பிப் பின்னால் நடந்தபடி வாசித்தார், மறுபடி நின்றார். பம்பருக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவர் கட்டியிருந்த துண்டு வேர்வையில் நனைந்திருந்தது. அவர் சத்தம் போட்டுத் தவில் அடித்ததே பயத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

"கயத்தாத்துக்காரன் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பெண்ணின் ஊரான நாகலாபுரத்தில் அழைப்பு. கோயிலிலிருந்து மண்டபம் வரை ஊரே தெருவில் நின்றது. பின் சீட்டில் தம்பி, மாலைக்குள் முகம் புதைந்து உட்கார்ந்திருந்தான். மேளம் நின்றபோதெல்லாம் நின்றேன். ஓட்டுவது யார் என்று பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன், புதுச் சேலைகூட அதற்காகத்தான். எல்லோரும் மாப்பிள்ளையைத்தான் பார்த்தார்கள். கொஞ்சம் வலித்தது. காரை ஒரு குலுக்கல் குலுக்கியிருந்தால் என்னைப் பார்த்திருப்பார்கள் என்பதும் புரிந்தது.

மண்டப வாசல் சரிவில் இருந்தது. தம்பி இறங்கும்போது குனிந்து, "அக்கா, எறங்கு, ஆரத்திக்கு வா" என்றான்.

"நீ போ. காலை எடுத்தா வண்டி ஓடிரும்."

எல்லோரும் அவன் பின்னால் போனார்கள். கல் வைக்க ஆள் சொல்லி வைக்க மறந்திருந்தேன். பிரேக்கை மிதித்தபடி தனியாக உட்கார்ந்திருந்தபோது அத்தை வந்தாள். நான் பயந்துகொண்டிருந்த அதே அத்தை. கதவில் கை வைத்துச் சாய்ந்தாள், முகத்தில் அந்தப் பரிதாபம் வந்துவிட்டது.

"தம்பிக்கு ஆயிட்டு. ஒனக்கு எப்போட்டி?"

"அத்தை, நீங்க சாஞ்சிருக்க வண்டி என் கால்லதான் நிக்குது. அந்தா கிடக்குல்லா, அந்தக் கல்லை எடுத்து முன் சக்கரத்துல வைங்க."

அத்தை சட்டென்று கையை எடுத்தாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய்க் கல்லை இரு கையாலும் தூக்கி வந்தாள். சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்து என் காலைப் பார்த்தாள்.

"இது போதுமாட்டி, இன்னொண்ணு வைக்கட்டுமா?"

"அந்தப் பக்கமும் ஒண்ணு வைங்க அத்தை" என்றேன்.